பட்டாளத்துத் தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டில் சாமான்களை ஒதுங்க வைக்கத் தொடங்குவார்கள். அப்போது முதலில் காப்பாற்ற வேண்டியது அவருடைய அந்தக் கறுப்புப் பட்டாளத்து இரும்புப் பெட்டியைத்தான். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருக்குமே, அதேதான். எங்கள் வீட்டில் அதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள், நான் சண்டை போட்டு வாங்கி வைத்தேன். என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறதே, அந்த மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், பாலமும் பாதையும் போடும் படை. ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களைத் ‘தம்பி’ என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள். எண்பது வயது தாண்டிய பிறகும் படையில் அவரோடு இருந்தவர்கள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் புத்தகம் அது. சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, ரேங்க், செய்த வேலை, வாங்கிய மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும், எழுதப்போவதற்கு அதுதான் எலும்புக்கூடு. அது கிடைக்கவில்லையா, பாட்டியிடம் இருக்கும் பென்ஷன் ஆர்டரைப் பாருங்கள், சர்வீஸ் நம்பர் அதில் இருக்கும். அந்த நம்பரோடு அவருடைய படையின் ரெக்கார்டு ஆபீசுக்குப் பாட்டி பெயரிலேயே கடிதம் எழுதலாம். சாப்பர்ஸுக்கு பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். எப்படி எழுதுவதென்று குழப்பமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பழைய காகிதத்தில் ‘ஜமேதார்’ என்று இருந்தால் அது இன்றைய நாயப் சுபேதார் ரேங்க், 1965-ல் பெயர் மாற்றினார்கள்.

அடுத்தது மெடல்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், அது தேய்ந்துபோனால் திரும்ப வராது. எந்த மெடல் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். சமர் சேவா ஸ்டார் என்றால் பாகிஸ்தானோடு நடந்த 1965 போர். 1971 போருக்குக் கிழக்கில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். ‘தாத்தா பாகிஸ்தான் சண்டையில் காஷ்மீரில் இருந்தார்’ என்றுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் சொல்லி வந்தோம், டப்பாவைத் திறந்தால் இருந்ததோ பூர்வி ஸ்டார். 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை அவர் இருந்தது பனியில் இல்லை, வங்கதேசத்து ஆறுகளின் பக்கம். ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் ‘இதில் பாலம் போட இத்தனை நேரம் ஆகும்’ என்று அவர் சொன்னது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கடிதங்கள் இருந்தால் பொக்கிஷம். விலாசத்தில் ‘56 ஏபிஓ’ என்று ராணுவத் தபால் நிலைய நம்பர் மட்டும் இருக்கும், ஊர் தெரியாது, அதனால் தேதியைக் குறித்துக்கொண்டு டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிடுங்கள். மணியார்டர் கூப்பன்களையும் தூக்கிப் போடாதீர்கள், கீழே இருக்கும் சின்ன இடத்தில் ரெண்டு வரி எழுதியிருப்பார். போட்டோக்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே படம் எடுங்கள், பின்பக்கம் பார்க்க முடிந்தால் அதையும் சேர்த்து.

அப்புறம் மனிதர்கள். இதைத் தள்ளிப் போடவே கூடாது, அவரோடு இருந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்களைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க பேங்குக்கு வருவார்கள், மிலிட்டரி கேண்டீனுக்கு வருவார்கள், அங்கே நின்றால் போதும். ‘எத்தனை பேரைச் சுட்டீங்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். முதல் ரயில் பயணம் எப்படி இருந்தது, சப்பாத்தி எத்தனை நாளில் பழகியது, இந்தி யார் சொல்லிக் கொடுத்தது, ராத்திரி குளிருக்கு என்ன செய்தீர்கள், இப்படிக் கேளுங்கள். தாத்தா இன்னும் இருக்கிறார் என்றால் இன்றைக்கே போய் உட்காருங்கள். நான் நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன், அவர் குரல் என்னிடம் நாற்பது நொடிகூட இல்லை.

பாட்டியை மறக்காதீர்கள். வருஷத்துக்கு ரெண்டு மாத லீவில் வந்து போன மனிதருக்காக மீதி பத்து மாதம் அந்த வீட்டை நடத்தியவர் அவர். 1971-ல் ரேடியோ செய்தி கேட்க யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார் என்று கேளுங்கள், பெட்டியில் இல்லாத பாதி வாழ்க்கை அங்கிருந்துதான் வரும்.

எழுதும்போது அவர் சொல்லாததை நீங்கள் சொல்லாதீர்கள். வீரக் கதையாக்க ஆசை வரும், எனக்கும் வந்தது, ஆனால் என் தாத்தா ஒருநாளும் தன்னைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. தெரியாத வருஷத்துக்கு நேராகக் காலி இடம் விடுங்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டது, ரிடையர் ஆகி வந்து வாய்க்கால் வெட்டியது, பேத்திக்கு சைக்கிள் பிடித்தது, இதெல்லாம் தாராளமாக வரட்டும்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். என் பாட்டி ரெண்டு இடத்தில் நிறுத்தினார். தாத்தா முதல் லீவில் கொண்டு வந்த கம்பளி பச்சை இல்லை, சாம்பல் நிறம் என்றார். இன்னொன்றைச் சொல்லிவிட்டு, ‘இதை எழுதாதே, எனக்கு மட்டும் இருக்கட்டும்’ என்றார். எழுதவில்லை.