இறங்காமல் நின்ற எடை

சோற்றைக் குறைத்தேன், காலையில் நடந்தேன். முதலில் எடை நன்றாகவே இறங்கியது. அப்புறம் முள் அசையவே இல்லை. தைராய்டு பரிசோதனையிலும் குறை ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான்: உடம்பு இளைத்தால் அதன் தேவையும் குறையும். 85 கிலோவில் நடந்தபோது செலவான கலோரி 76 கிலோவில் செலவாகாது. முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது தேவைக்குச் சரியாகிவிடுகிறது.

தட்டில் குறைக்க அதிகம் இல்லை, அதனால் வாணலியைப் பார்த்தேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. அரைமணி நேரம் நடந்தால் எரிவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! தோசை ஓரத்தில் விடுவதையும் பொரியலுக்குத் தாளிப்பதையும் யார் கணக்கில் வைக்கிறார்கள்? மாதத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்று அளந்து தனி பாட்டிலில் ஊற்றி வைத்தோம். வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, அடை மொறுமொறுப்பாக வரவில்லையாம்.

நடந்துவிட்ட தைரியத்தில் மீதிப் பொழுதெல்லாம் நாற்காலியிலேயே கழிந்தது. இப்போது போன் வந்தால் எழுந்து நடந்தபடிதான் பேச்சு. எடையோடு தசையும் கரையக்கூடும் என்பதால் தண்டால், பஸ்கி; சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல்.

ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாள் எடை பார்ப்பதில்லை. உப்பு பிடித்து வைக்கும் தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும். வாரச் சராசரியைத்தான் பார்க்கிறேன். மெதுவாக, ஆனால் மறுபடி இறங்குகிறது.