பழுதான காரைக் கட்டி இழுக்க என்ன வாங்கி வைக்கலாம்? கொழும்புச் சாரதிகளுக்கு ஆரம்ப வழிகாட்டி

மாலை நேரம் காலி வீதியில் ஒரு கார் நின்றுபோனால், வெள்ளவத்தை முழுவதும் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கும். அந்தப் பதற்றத்தில் யாராவது ஒரு நைலோன் கயிற்றோடு வருவார். பம்பருக்குக் கீழே கைக்கு எட்டியதில் முடிச்சுப் போடுவார். சின்னப் பழுதோடு நின்ற கார், கராஜுக்குப் போய்ச் சேரும்போது கியர்பொக்ஸும் சேர்ந்து கெட்டிருக்கும். சரியான சாமான்களை முன்கூட்டியே டிக்கியில் வைத்திருந்தால் இந்த நட்டம் வராது. ஆனால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

படி 1: உங்கள் காரை உருட்டி இழுக்கலாமா?

மெனுவல் கியர் உள்ள முன்சக்கர இழுவைக் கார், அதாவது அல்டோ மாதிரியானது, நியூட்ரலில் போட்டால் பொதுவாக நான்கு சக்கரமும் தரையில் உருள இழுபடும். ஓட்டோ கியர் அப்படியில்லை. அதற்குள் எண்ணெயைச் சுழலவைக்கும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றதும் பம்பும் நின்றுவிடும். சக்கரங்களோடு சேர்ந்து உள்ளே சுற்றும் பாகங்கள் எண்ணெய் கிடைக்காமல் சூடேறித் தேயும்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் இன்னும் கவனம் வேண்டும். முன்சக்கரங்கள் மின்மோட்டாரோடு இணைந்தே சுழல்வதால், காரை இழுக்கும்போது மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். பழுது எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துத் தீப்பிடிக்கவும் கூடும் என்று பிரியஸின் கையேடே எச்சரிக்கிறது. முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கவேண்டும், அல்லது காரியரில், அதாவது காரையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் லொறியில், ஏற்றவேண்டும். வேறு வழியே இல்லாத அவசரத்தில் மட்டும், மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் குறைவான வேகத்தில் சிறிது தூரம் போகலாம். நான்கு சக்கர இழுவை வாகனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், காரியர்தான்.

ரீகண்டிஷன் காரோடு வரும் கையேடு பெரும்பாலும் ஜப்பான் மொழியில் இருக்கும். அதே மொடலின் ஆங்கிலக் கையேட்டை இணையத்தில் தேடி, இழுப்பது பற்றிய பக்கத்தை மட்டுமாவது கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இழுவைப் பட்டி வாங்குவதற்கு முன் உங்கள் காப்புறுதியில் காரியர் வசதி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் பட்டி தேவைப்படுவது நடுவீதியிலிருந்து ஓரத்துக்கு வர மட்டுமே.

படி 2: கொளுவும் வளையம்

ஜாக்கி இருக்கும் இடத்திலேயே, திருகிப் பூட்டும் ஓர் இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் உள்ள சிறிய சதுர மூடியைக் கழற்றி அதைத் திருகவேண்டும். சில கார்களில் இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். கையால் திருகியபின் சக்கர நட் கழற்றும் கம்பியை வளையத்துக்குள் விட்டு நன்றாக இறுக்குங்கள். பழைய கார் வாங்கியவர்கள் இன்றைக்கே தேடிப் பாருங்கள், பல கார்களில் இந்த வளையம் தொலைந்திருக்கும். பஞ்சிகாவத்தையில் கேட்டு வாங்கலாம், ஆனால் உங்கள் மொடலுக்குரியதுதானா என்று பூட்டிப் பார்த்தே காசு கொடுங்கள்.

சில கார்களின் அடியில் தெரியும் வளையங்கள், கப்பலில் ஏற்றும்போது அசையாமல் கட்டிவைப்பதற்காகப் போட்டவை. அவற்றில் கட்டி இழுக்கவேண்டாம்.

படி 3: பட்டியா, தண்டா?

பட்டி என்றால் பொலியெஸ்டர் பட்டி வாங்குங்கள். நைலோன் நன்றாக நீளும். சேற்றில் புதைந்த ஜீப்பை வெளியே எடுக்க அந்தக் குணம் உதவும். வீதியில் இழுக்கும்போது அதே நீட்சி காரை முன்னும் பின்னும் ஆட்டும், அறுந்தால் சுண்டிக்கொண்டு திரும்பி வரும். பட்டியின் லேபிளில் உள்ளது அறுபடும் எடையா, பாதுகாப்பான சுமையா என்று பாருங்கள். அறுபடும் எடை என்றால், காரின் எடையைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். அக்வா ஏறத்தாழ 1,100 கிலோ, ஆகவே 5 தொன் பட்டி தாராளம். நீளம் 4 முதல் 5 மீற்றர். ஜப்பானில் சட்டமே இரண்டு வாகனங்களுக்கும் இடையில் 5 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. கயிற்றின் நடுவில் 30 சென்ரிமீற்றர் சதுர வெள்ளைத் துணியும் கட்டவேண்டும். இங்கேயும் அந்தத் துணியைக் கட்டுங்கள். இரண்டு கார்களுக்கும் நடுவில் புகுந்து போகப் பார்க்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதுதான் கண்ணில் படும்.

நின்று நின்று நகரும் நெரிசலுக்கு என் தெரிவு இரும்பு இழுவைத் தண்டு. இரு கார்களுக்கும் இடைவெளி மாறாது, முன்கார் பிரேக் போட்டதும் பின்கார் போய் மோதாது. பாரம், டிக்கியில் இடம் பிடிக்கும் என்பது உண்மைதான். தெருவோர வெல்டிங்கில் செய்த தண்டை மட்டும் நம்பாதீர்கள்.

படி 4: ஷெக்கிள்

நுனியில் வெறும் கொக்கி உள்ள பட்டியைத் தவிருங்கள், தளர்ந்ததும் கழன்றுவிடும். பட்டியையும் காரின் வளையத்தையும் இணைக்க, ஊசி திருகிப் பூட்டும் இரும்புக் கொளுவிதான் ஷெக்கிள். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் வில் வடிவ ஷெக்கிள் கிடைக்கும். தரமானதில் தாங்கும் சுமை உலோகத்திலேயே பொறித்திருக்கும்: 16 மில்லிமீற்றருக்கு 3.25 தொன். ஒன்றும் பொறிக்காததை வாங்கவேண்டாம். காரின் வளையத்தைக் கையோடு கொண்டுபோய், ஷெக்கிளின் ஊசி அதற்குள் நுழைகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

படி 5: பின்காரில் இருப்பவர்

வட அமெரிக்காவில் மோட்டார் வீடு எனப்படும், உள்ளே தங்கிப் பயணிக்கும் பெரிய வாகனத்துக்குப் பின்னால் காரைப் பூட்டி நீண்ட தூரம் கொண்டுபோகிறார்கள். அதற்கு முக்கோணத் தண்டு, காவல் சங்கிலி, விளக்கு வயர், இழுபடும் காரின் பிரேக்கை அழுத்தத் தனிக் கருவி என்று எல்லாம் பூட்டுவதால் பின்காரில் ஆள் தேவையில்லை. நம்மிடம் அந்தக் கருவி இல்லை. பின்காரில் இருக்கும் சாரதிதான் பிரேக். ஆகவே அனுபவம் கூடியவர் அங்கேதான் உட்காரவேண்டும்.

அவருக்குத் தெரியவேண்டியவை: எஞ்சின் ஓடாதபோது பிரேக் ஓரிரு தடவைதான் இலகுவாகப் பிடிக்கும், பிறகு கல் மாதிரி இறுகிவிடும், முழுப் பலத்தோடு மிதிக்கவேண்டும். ஸ்டியரிங்கும் பாரமாகும். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு விடுபட்டதை உறுதிசெய்யாமல் நகரக்கூடாது. பட்டி தளராமல் இருக்க, பின்காரே இலேசாகப் பிரேக் பிடித்தபடி வரவேண்டும். முன்கார் முதலாம் கியரில், பட்டி இறுகும்வரை ஊர்ந்து, அதன்பின் இழுக்கட்டும்.

இரண்டு காரிலும் அவசர விளக்கு, கைபேசி ஸ்பீக்கரில். தெஹிவளை மேம்பாலத்தில் ஏறாதீர்கள், இறக்கத்தில் பட்டி தளர்ந்து பின்கார் முட்டவரும், கீழ்வழியால் போங்கள். அதிவேகப் பாதையில் நீங்களாகக் கட்டி இழுக்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் பட்டியை முழு நீளத்துக்கும் விரித்துப் பாருங்கள். ஓரத்தில் வெட்டோ, தையல் பிரிந்ததோ, வெயிலில் நிறம் வெளிறி முரடானதோ தெரிந்தால் வேறு வாங்குங்கள். பழையதை வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் அதை எடுத்து இன்னொருவர் கட்டுவார்.