கெளுத்திக்கும் பசிக்கும்: வீட்டு மீன்தொட்டியில் தீனி போடும் முறை

புதிதாகத் தொட்டி வாங்கும்போது கடைக்காரர் கூடவே, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகையான சக்கர் மீன் இரண்டையும் போட்டுக் கொடுப்பார். “இதற்குத் தனியாகத் தீனி வேண்டாம், அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும்” என்பார். அதை நம்பாதீர்கள். மற்ற மீன்களின் கழிவைத் தின்று எந்தக் கெளுத்தியும் உயிர் வாழாது. மேலே நீந்துபவை விட்டுவைக்கும் மிச்சமும் பெரும்பாலும் தரைக்கு வந்து சேராது. வீட்டுத் தொட்டியில் கெளுத்திகள் சாவதற்கு நோயைப் போலவே பட்டினியும் ஒரு காரணம்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எது?

‘கேட்ஃபிஷ்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் தீனி தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்று புழு தின்னும், ஒன்று பாசி சுரண்டும், ஒன்று பக்கத்து மீனையே விழுங்கும்.

கோரிடோராஸ் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. விரல் நீளம்கூட வராத இந்தச் சிறு மீன் மீசையால் மணலைத் துழாவிப் புழு பூச்சிகளைப் பொறுக்கும். இதற்குப் புரதம் முக்கியம். பாசி வில்லையை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. தரையில் கூரான கற்கள் இருந்தால் மீசை தேய்ந்து, கண்முன் கிடக்கும் தீனியைக்கூடச் சரியாக எடுக்க முடியாமல் போகும். ஆகவே மென்மையான மணல் பரப்புங்கள்.

பிரிஸில்நோஸ் பிளெக்கோ 12 முதல் 15 சென்டிமீட்டர் வளரும். உறிஞ்சும் வாய், நீளமான குடல். இதன் உணவில் பெரும்பங்கு பாசியும் காய்கறியுமாக இருக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு மரத்துண்டு கிடந்தால் அதன்மேல் படியும் படலத்தையும் நாரையும் நாள் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண சக்கர் மீனுக்கும் இதே உணவுதான். ஆனால் அது 40 சென்டிமீட்டரைத் தாண்டும். வளர்ந்தபின் இடமில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே அது பரவித் தொல்லை கொடுத்துவருகிறது.

ஓட்டோசிங்க்ளஸ் என்ற சின்னஞ்சிறு கெளுத்தி கண்ணாடியில் படியும் மெல்லிய பாசியை நம்பி வாழ்வது. நேற்று நீர் நிரப்பிய பளிச்சென்ற தொட்டியில் விட்டால் பட்டினிதான்.

தலைகீழாக நீந்தும் காங்கோ நதிக் கெளுத்தி ஒரு வேடிக்கையான விதிவிலக்கு. வயிறு மேலே இருக்க நீர்ப்பரப்பிலிருந்தும் உண்ணும், ஆகவே மிதக்கும் தீனி இதற்குப் பொருந்தும்.

‘ஷார்க்’ என்று விற்கப்படும் வெள்ளி நிறக் குஞ்சும் கெளுத்திதான். சந்தையில் ‘பாசா’ என்ற பெயரில் துண்டுபோட்டு விற்பது இதே மீனைத்தான். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. சிவப்பு வால் கெளுத்தியும் அப்படியே. இவற்றுக்கு என்ன தீனி போடலாம் என்று கேட்பதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

இரண்டாம் படி: அன்றாடத் தீனி

தண்ணீரில் மூழ்கும் வில்லை அல்லது குருணை வாங்குங்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுவே முதலில் இருக்கும். கோரிடோராஸுக்கு முதலிடத்தில் மீன் தூளோ இறால் தூளோ இருப்பது நல்லது. பிளெக்கோவுக்கு ஸ்பைருலினா போன்ற பாசி முன்வரிசையில் வர வேண்டும். பாசி வில்லை என்று பெயர் போட்டு, உள்ளே கோதுமை மாவும் மீன் தூளும் நிறைத்து, பாசியைக் கடைசி வரியில் ஒளித்துவைத்திருக்கும் பொட்டலங்கள் நிறைய. முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெரிய மூட்டையிலிருந்து அள்ளிப் பாலிதீன் பையில் கட்டித் தரும் மலிவுத் தீனி வேண்டவே வேண்டாம். அது எப்போது திறந்த மூட்டை என்று யாருக்கும் தெரியாது. காற்றும் வெப்பமும் பட்டால் வைட்டமின் சி சீக்கிரம் அழிந்துவிடும். சின்னப் பொட்டலமாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் வைத்து, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: காய்கறி

நம் சமையலறையிலேயே பிளெக்கோவுக்கு வேண்டியது இருக்கிறது. வெள்ளரியை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டிப் பச்சையாகவே போடலாம். ஆனால் வெள்ளரியில் பெரும்பகுதி நீர்தான். அது நொறுக்குத்தீனி மட்டுமே. சுரைக்காய், சீமைச் சுரைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பச்சைப் பட்டாணி ஆகியவை மேல்.

சுரைக்காயை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு துணுக்கை நீங்களே கடித்துப் பாருங்கள்; கசந்தால் காயையே தூக்கி எறியுங்கள். நன்றாகக் கழுவித் தோல் சீவுங்கள், மருந்து தெளித்திருந்தால் அது பெரும்பாலும் தோலில்தான் இருக்கும். உப்பு போடாத கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வேகவிட்டு, ஓரம் கண்ணாடிபோல் ஆனதும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். கையால் அமுக்கினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், குழையக் கூடாது. பிறகு ஓர் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, கரண்டியோடு தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் துண்டு மிதந்துகொண்டே இருக்கும்.

முதல் இரவு பிளெக்கோ திரும்பியும் பார்க்காமல் இருக்கலாம். தெரியாத பொருளை அது சந்தேகத்தோடுதான் பார்க்கும். இரண்டு மூன்று முறை விடாமல் வைத்துப் பாருங்கள். பழகிவிட்டால் காலையில் நடுச் சதை முழுவதும் சுரண்டப்பட்டு, ஓரம் மட்டும் வளையமாகக் கரண்டியில் தொங்கும். எப்படியானாலும் மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அழுகிய காய் நீரில் அம்மோனியாவைக் கூட்டும்.

நான்காம் படி: புழுவும் இறாலும்

கோரிடோராஸுக்கு வாரம் இரண்டு முறை உறைந்த இரத்தப்புழு, ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்), டாப்னியா (நீர்த்தெள்ளு) ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பனிக்கட்டியாக அப்படியே போடாமல், ஒரு கிண்ணத்தில் தொட்டி நீர் எடுத்துக் கரைத்து, வடிகட்டி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் தரையருகே விடுங்கள். காய்ந்த இரத்தப்புழுவின் தூள் சிலருக்குத் தும்மலையும் அரிப்பையும் உண்டாக்கும்; கரண்டியால் எடுப்பது நல்லது. பூச்சிமருந்து படாத தோட்டத்து மண்புழுவைக் கழுவி நறுக்கிப் போட்டால் விருந்துதான். சாக்கடையில் அள்ளிய உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு மலிவு, ஆனால் அதோடு நோயும் வரலாம். பிளெக்கோவுக்கு இவை எப்போதாவது ஒரு சிட்டிகை போதும்.

கோழி ஈரல், ஆட்டிறைச்சி, ரொட்டி, சோறு எதுவும் வேண்டாம். ஆடு, கோழியின் கொழுப்பு மீனின் குடலில் எளிதில் செரிக்காது.

ஐந்தாம் படி: எப்போது, எவ்வளவு

விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். பிளெக்கோ இருட்டில்தான் மறைவிடத்தை விட்டு வெளியே வரும். முதலில் மேல்மட்ட மீன்களுக்குக் கொஞ்சம் தூவி அவற்றின் வயிற்றை நிரப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து வில்லையைப் போட்டால் அடியிலிருப்பவற்றுக்குச் சண்டையில்லாமல் கிடைக்கும். கோரிடோராஸ் கூட்டமாக உண்ணும் மீன். ஒரே வில்லையைப் போடாமல் உடைத்து இரண்டு மூன்று இடங்களில் போட்டால் மெலிந்ததற்கும் பங்கு வரும்.

அளவைக் காலையில் தரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தீனி கிடந்தால் அடுத்த இரவு குறைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போடாமல் விடலாம், வளர்ந்த மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை.

ஆறாம் படி: வயிற்றைப் பாருங்கள்

பிளெக்கோ கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு தெளிவாகத் தெரியும். தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருந்தால் நல்லது. உள்ளே குழிந்திருந்தால் தீனி போதவில்லை. கண்ணும் குழிவிழத் தொடங்கினால் வெகுநாள் பட்டினி. கோரிடோராஸைப் பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றுக் கோடு உள்வாங்காமல் இருக்க வேண்டும். நன்றாக உண்டும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழு இருக்கக்கூடும். அந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, மீன் நோய் தெரிந்த ஒருவரிடம் கேட்டபிறகே மருந்து போடுங்கள்.