கற்பனை விலங்குக்கும் ஒரு பூர்வீகம் வேண்டும்

கதைக்காகவோ வீடியோ கேமுக்காகவோ ஓர் உயிரினத்தைப் புதிதாகப் படைக்கிறவர்கள் பெரும்பாலும் உறுப்புகளிலிருந்து தொடங்குகிறார்கள். புலியின் உடம்பு, கழுகின் இறக்கை, தேளின் கொடுக்கு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் எங்கோ நிஜமாக வாழ்கிற ஒன்று என்று மனம் ஏற்காது. உறுப்புகள் விசித்திரமாக இருப்பது அதற்குக் காரணம் இல்லை. வாத்து போன்ற அலகு கொண்ட பாலூட்டியான ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் அதைவிட விசித்திரமானது. முட்டையிடும், பால் கொடுக்கும், ஆணின் பின்னங்காலில் நஞ்சு முள் இருக்கும். 1799இல் அதை அறிவியல் முறைப்படி விவரித்த ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகை ஒட்டித் தைத்திருக்கிறார்களோ என்றே சந்தேகப்பட்டார்.

ஆனால் பிளாட்டிபஸில் எதுவும் ஒட்டவைத்தது அல்ல. பாலூட்டிகளின் ஆதி மூதாதையர் முட்டையிட்டவை, அந்த வழக்கத்தை இது கைவிடவில்லை. தண்ணீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு இரை தேடுவதால், இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை உணரும் மென்மையான அலகு அதற்குத் தேவைப்படுகிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பூர்வீகமும் ஒரு வேலையும் உண்டு. கற்பனை உயிரினங்களில் நான் காணும் தவறுகள் பெரும்பாலும் இந்தப் பூர்வீகத்தை யோசிக்காததால் வருபவை.

யாளியை எடுத்துக்கொள்வோம். நம் கோயில் தூண்களில் நிற்கும் யாளிக்குச் சிங்க உடல், சிலவற்றில் யானையின் துதிக்கையும் உண்டு. அது சிற்பம், அதன் அழகுக்கு உயிரியல் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அதே யாளியைக் காட்டில் பசியோடு அலையும் விலங்காக எழுத நினைத்தால், துதிக்கை எதற்கு என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. யானைக்கு உயரமான கால், கனத்த தலை, குட்டைக் கழுத்து. அதன் வாய் தரையை எட்டாது. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டதால்தான் அது தண்ணீர் குடிக்கிறது, புல் பறிக்கிறது. சிங்கத்துக்கு அந்த நெருக்கடியே இல்லை. இரையை அதன் வாயே எட்டிவிடும். கடிக்கிற வாய்க்கு முன்னால் மென்மையான சதை ஒன்று தொங்கினால் முதல் சண்டையிலேயே அது கிழிந்துபோகும்.

அப்படியானால் யாளியை விட்டுவிட வேண்டுமா? இல்லை, மூதாதையை மாற்றினால் போதும். சிங்கத்துக்குப் பதிலாக, பன்றியைப் போல மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கும் புழுவும் தின்ற ஒரு விலங்கிலிருந்து தொடங்குங்கள். அதன் மூக்கு ஏற்கனவே நீண்டது, அசையக்கூடியது, மோப்பத்தில் கூர்மையானது. அதன் வழித்தோன்றல்களில் ஒரு கிளை செத்த விலங்குகளைத் தேடித் தின்னத் தொடங்கி, மெல்ல வேட்டைக்கு வருகிறது. மோப்பம் பிடிக்கத் துதிக்கை இன்னும் உதவுகிறது. ஆனால் அது குட்டையாகத்தான் இருக்கும், கடிக்கும்போது சுருங்கி மேலே மடிந்துகொள்ளும். பல்லும் சிங்கத்தின் பல்லாக இருக்காது. எதையும் தின்ற மூதாதையின் கடைவாய்ப் பற்கள் கொஞ்சம் கூர்மையாகி, எலும்பை நொறுக்கும் பற்களாக மாறியிருக்கும். நடையிலும் பூனையின் பதுங்கல் இருக்காது. இப்போது இந்த யாளி நாம் நினைக்காத விதமாக நடந்துகொள்ளத் தொடங்குகிறது. இரவில் தூரத்துப் பிணத்தை முகர்ந்து வருகிறது, மற்ற வேட்டை விலங்குகளை விரட்டிவிட்டு அவற்றின் இரையைப் பிடுங்குகிறது. கதைக்கு வேண்டிய சம்பவங்களை விலங்கே கொண்டுவருகிறது.

கைகால் எண்ணிக்கையும் இதே போன்றதுதான். நான்கு காலும் முதுகில் இரண்டு இறக்கையும் கொண்ட டிராகனை எல்லோரும் வரைகிறார்கள். நிலத்தில் வாழும் முதுகெலும்பு விலங்குகள் எல்லாமே நான்கு கைகால் கொண்ட ஒரே பரம்பரையிலிருந்து வந்தவை. அந்தப் பரம்பரையில் பறக்கக் கற்ற மூன்று கூட்டங்களும் இருக்கிற கையைத்தான் இறக்கையாக்கின. வௌவால் விரல்களுக்கு நடுவே தோலை விரித்தது. டைனோசர் காலத்தில் பறந்த ஊர்வனவான டெரோசார்கள் நான்காம் விரல் ஒன்றை மட்டும் மிக நீளமாக்கின. பறவைகள் கையில் இறகை அடுக்கின. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பறக்கும் ஓணான் இன்னொரு வழி காட்டுகிறது. அதன் விலா எலும்புகள் உடம்புக்கு வெளியே நீண்டு தோலைத் தாங்குகின்றன, நான்கு காலும் அப்படியே இருக்கின்றன. அதனால் சிறகடித்துப் பறக்க முடியாது, மரம்விட்டு மரம் மிதந்து போகலாம். உங்கள் டிராகனுக்கு ஆறு உறுப்புகள்தான் வேண்டுமா? சரி, தாராளமாக வையுங்கள். அப்புறம் அந்த உலகத்துத் தவளைக்கும் எலிக்கும்கூட ஆறு இருக்க வேண்டும், அல்லது இரண்டை இழந்ததன் தடம் எலும்பில் இருக்க வேண்டும்.

தடம் என்பது சின்ன விஷயம் இல்லை. டால்பினும் சுறாவும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் சுறாவின் வால் பக்கவாட்டில் அசைகிறது, டால்பினின் வால் மேலும் கீழும் அசைகிறது. நிலத்தில் ஓடிய பாலூட்டியின் முதுகெலும்பு மேலும் கீழும் வளைந்ததுதான் காரணம். கடல் விலங்கு ஒன்றை வரைகிறவர் அதன் முன்னோர் கரையில் எப்படி நடந்தன என்று தெரிந்துகொண்டால், வால் துடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்ற குழப்பமே வராது.

அடுத்தது, ஒரு சிறு உயிரை அப்படியே பெரிதாக்குவது. கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில் இதை எலும்புப் படம் போட்டே விளக்கினார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்காக்கினால் எடை 1,000 மடங்காகிறது. அந்த எடையைத் தாங்க வேண்டிய எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 100 மடங்குதான். யானையின் கால் தூண் போல இருப்பதும், எறும்பின் கால் நூல் போல இருப்பதும் இதனால்தான். யானை அளவு எறும்பு தன் எடையாலேயே நொறுங்கும். அதற்கு மூச்சும் முட்டும், ஏனென்றால் பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை, உடம்பெங்கும் ஓடும் நுண்குழாய்கள் வழியாகத்தான் காற்று திசுக்களுக்குப் போகிறது. பெரிய பூச்சி வேண்டுமென்றால் அதன் உலகத்தையும் சேர்த்து மாற்றுங்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகானியூரா, தட்டானின் உறவு, சிறகு விரித்தால் 65 செ.மீ.க்கு மேல் இருந்தது. அந்தக் காலத்துக் காற்றில் ஆக்ஸிஜன் கூடுதலாக இருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

‘தேவைப்பட்டது, அதனால் இறக்கை முளைத்தது’ என்று எழுதுவதும் பரவலான தவறு. தேவை எதையும் முளைக்க வைப்பதில்லை. ஏற்கனவே இருக்கும் சிறு வேறுபாடுகளில் உதவுவது தங்குகிறது, அவ்வளவுதான். அதனால் பாதி வளர்ந்த உறுப்பும் அன்றைக்கே ஏதோ ஒரு விதத்தில் பயன்பட்டிருக்க வேண்டும். சீனாவில் கிடைத்து 1996இல் விவரிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசருக்குப் பஞ்சு போன்ற இழைகள் இருந்தன. அது பறந்ததில்லை. இறகின் தொடக்கம் பறப்பதற்காக இருக்கவில்லை.

சக்திகளை இலவசமாக அள்ளிக் கொடுக்காதீர்கள். மாதச் சம்பளத்தில் ஒரு செலவு கூடினால் இன்னொன்று குறைவது போல, உடம்பிலும் எதற்கும் விலை உண்டு. தென் அமெரிக்காவின் மின்விலாங்கு வகை ஒன்று 860 வோல்ட் வரை பாய்ச்சுகிறது. அந்த மின்சாரத்தைத் தருபவை உருமாறிய தசைச் செல்கள். அவை உடம்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால் மற்ற உள்ளுறுப்புகள் எல்லாம் தலைக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மெக்சிகோவின் குகை மீன்களுக்குக் கண்ணே இல்லை. இருட்டில் பயன்படாத கண்ணுக்கு இரை தேடிப் போடுவது கட்டுப்படியாகாது.

உலகம் முழுக்க வேட்டை விலங்குகளாக நிரப்புவதைப் பற்றி ஒரு வரி போதும். தின்னப்படும் உயிரிலிருந்து தின்கிற உயிருக்குப் போய்ச் சேரும் ஆற்றல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதனால் ஒரு கொடூர விலங்குக்குப் பின்னால் பெரிய மேய்ச்சல் கூட்டம் இருந்தாக வேண்டும்.

கடைசியாக, குட்டிகளை மறந்துவிடுவது. எல்லோரும் வளர்ந்த ஆணை, அதுவும் கர்ஜிக்கும் நிலையில் வரைகிறார்கள். 2003இல் விவரிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையைப் பாருங்கள். வளர்ந்த தவளை மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்கிறது, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வருகிறது. அதன் தலைப்பிரட்டையோ உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஓடும் நீரில் வளர்கிறது. பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்றே தோன்றாது. கொமோடோ டிராகனின் குஞ்சுகள் மரத்தில் வாழ்கின்றன, கீழே இறங்கினால் பெரியவையே அவற்றைத் தின்றுவிடும் என்பதால். உங்கள் விலங்கின் குட்டி எங்கே உறங்குகிறது, என்ன தின்கிறது, யாருக்குப் பயப்படுகிறது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதன் பிறகு பெரியதை வரையுங்கள்.