காவிரிப் பங்கீடு நியாயமா? கருத்துக் கேட்கும் முறை

"நியாயமா?" என்று எடுத்ததுமே கேட்காதீர்கள், கோபம்தான் பதிலாக வரும். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பின்படி ஆண்டுக்குத் தமிழகத்துக்கு 404.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று முதலில் சொல்லுங்கள். 404.25-இல், எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25 மட்டுமே. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால், மொத்தமும் அங்கிருந்தே வருவதாகப் பலர் நினைத்துப் பதில் சொல்வார்கள்.

அளவுகளிலும் குழப்பம் வரும். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. 5,000 கன அடி வீதம் 15 நாள் விட்டாலும் 6.48 டிஎம்சிதான், ஆகஸ்டில் மட்டும் கர்நாடகம் தர வேண்டும் என்று விதித்திருப்பது 45.95.

நல்ல மழை ஆண்டுக்கு ஒரு கேள்வி, பற்றாக்குறை ஆண்டுக்குத் தனிக் கேள்வி. சண்டையே இரண்டாவதில்தான், "குறைவை எந்த விகிதத்தில் பகிரலாம்?" என்று கேளுங்கள்.

தஞ்சாவூர் தலைமடையோடு நிறுத்தினால் கணிப்பு கோணலாகிவிடும். நாகப்பட்டினம் கடைமடை, கர்நாடகத்தின் மண்டியா கரும்பு விவசாயி, பெங்களூரில் குடிநீருக்குக் காத்திருப்பவர் எல்லோரும் வேண்டும். மண்டியாவில் கன்னடம் பேசுபவரே கேட்கட்டும். கேட்ட தேதியையும் அன்றைய மேட்டூர் நீர்மட்டத்தையும் படிவத்திலேயே குறியுங்கள். அணை நிரம்பிய வாரத்தில் கிடைக்கும் பதில் வேறு.