சிம்பொனியின் சிறுவர் வகுப்புகளுக்கு நன்கொடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு சிம்பொனியின், அதாவது பெரிய மேற்கத்திய இசைக்குழுவின், அரங்கம் நிரம்பி வழிந்தாலும், டிக்கெட் வருமானம் அதன் ஆண்டுச் செலவில் பாதியை எட்டுவது அரிது. மீதியை நன்கொடைகளும், நிலைவைப்பு நிதியின் வருவாயும், கொஞ்சம் அரசு மானியமும் தாங்குகின்றன. அதே குழு நடத்தும் சிறுவர் வகுப்புகளுக்கோ டிக்கெட்டே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் 2007-இல் தொடங்கிய யோலா, பால்டிமோர் சிம்பொனி 2008-இல் தொடங்கிய ஆர்க்-கிட்ஸ் இரண்டிலும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, கருவியும் இலவசம். எனவே, "வருஷா வருஷம் சீசன் டிக்கெட் வாங்குகிறோமே, அதுவே உதவிதானே" என்ற நினைப்பிலிருந்துதான் முதல் தவறு ஆரம்பிக்கிறது. அந்தப் பணம் மேடைச் செலவுக்கே பற்றாது. வகுப்பறைக்குத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

தனியாகக் கொடுப்பவர்களும் பல வகையில் சறுக்குகிறார்கள். பணம் குறைவாக இருப்பதைவிட, தப்பான உருவத்தில் வருவதுதான் வகுப்புகளை அதிகம் தடுமாற வைக்கிறது.

"வயலின் வாங்க மட்டும்"

கருவி கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், பெயர்ப் பட்டை ஒட்டலாம். அதனால் அதற்குக் கொடுக்க நிறையப் பேர் முன்வருவார்கள். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகளுக்குப் பயிற்சி வயலின்கள், ஒன்று 250 டாலர் என்றால் 10,000 டாலர். நன்றாகப் பராமரித்தால் பல வருடம் ஓடும். அந்த 40 பேருக்குச் சொல்லிக்கொடுக்க 5 ஆசிரியர்கள். மணிக்கு 60 டாலர், நாளுக்கு 2 மணி நேரம், வாரம் 3 நாள், ஆண்டுக்கு 34 வாரம். ஓர் ஆசிரியருக்கு 12,240, ஐந்து பேருக்கு 61,200 டாலர். இது ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு. இதற்கு மேல் ஒருங்கிணைப்பாளர் சம்பளம், மாலைச் சிற்றுண்டி, பேருந்து, காப்பீடு, பிள்ளைகளோடு பழகுபவர்களுக்கான பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. ஆசிரியர் சம்பளத்துக்குப் பணமில்லாத இடத்தில் வயலின்கள் அலமாரியில்தான் இருக்கும்.

எழுத்தில் போட்ட நிபந்தனை சட்டப்படி கட்டுப்படுத்தும். வயலினுக்கென்று கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. கொடுத்தவர் எழுதிச் சம்மதித்தால் தளர்த்தலாம். அவர் காலமாகிவிட்டால் விஷயம் மாநில அட்டர்னி ஜெனரல், நீதிமன்றம் என்று இழுக்கும். பள்ளியின் பெயரைப் போட்டுக் கட்டுவதும் இதே வம்புதான். ஆர்க்-கிட்ஸ் தொடங்கியது ஹாரியட் டப்மன் தொடக்கப்பள்ளியில், 30 பிள்ளைகளோடு. அந்தப் பள்ளி மூடப்பட்டதும் வகுப்பு லாக்கர்மன் பண்டி பள்ளிக்கு இடம் மாறியது. நகரப் பள்ளிகள் மூடுவதும் இணைவதும் அங்கே அபூர்வம் அல்ல.

கடிதத்தில் இப்படி எழுதினால் போதும்: "இசைக்குழுவின் கல்வி, சமூகப் பணிகளில் தேவை அதிகமுள்ள இடத்துக்கு. இப்பணி நின்றுபோனால், இதற்கு மிக நெருங்கிய நோக்கத்துக்கு நிர்வாகக் குழு பயன்படுத்தலாம்." இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் வழக்கறிஞர் செலவை மிச்சப்படுத்துவது அதுதான்.

பரணில் கிடக்கும் கருவி

பழைய கருவியைக் கொடுப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் வயலின் பெரும்பாலும் முழு அளவு, அதாவது 4/4. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது 1/8 அல்லது 1/4, எட்டு ஒன்பது வயதில் 1/2, அதன்பின் 3/4, முழு அளவு பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேல். வயதைவிடக் கை நீளமே சரியான அளவுகோல்: கருவியைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், சுருள் தலை உள்ளங்கையில் சிரமமின்றி அடங்க வேண்டும். பிள்ளைகள் வளர்வதால் அளவு மாறிக்கொண்டே இருக்கும். சில கருவிகள் எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும். 40 பிள்ளைகளுக்கு 40 வயலின் போதாது என்பது இதனால்தான். செல்லோவிலும் 1/4, 1/2 அளவுகளுக்கே தட்டுப்பாடு. வயோலாவை அங்குலக் கணக்கில் கேட்க வேண்டும்.

பல வருடம் பெட்டிக்குள் இருந்த வயலினை எடுத்ததும் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்காதீர்கள். மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி ஒன்று ஒட்டாமல் நிற்கிறது. தந்திகள் தளர்ந்தால் அது விழுந்துவிடும். மெல்ல ஆட்டிப் பார்த்தால் உள்ளே உருளும் சத்தம் கேட்கும். அது விழுந்த நிலையில் தந்தியை முறுக்கினால், தந்திகளைத் தாங்கும் குதிரையின் அழுத்தம் முழுவதும் மேல் பலகையில் இறங்கிப் பலகை அமுங்கும், வெடிக்கவும் செய்யும். ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் கடையில் விற்கும் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். வயலின் செய்பவர்கள் விலங்குப் பசையால் ஒட்டுவது, பின்னால் பழுதுபார்க்கப் பிரிக்க முடியும் என்பதற்காக. சூப்பர் க்ளூ போட்டால் பிரிக்கும்போது மரமே பெயர்ந்து வரும். வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கருவியோடு பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துக் கொடுப்பவர் மிகக் குறைவு. மலிவான வயலின்களில் பழுதுச் செலவு சில சமயம் புது வயலின் விலையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டதை வகுப்பின் தலையில் கட்டாமல் இருப்பதே உதவி.

வரிக் கணக்கும் உண்டு. பண்டமாகக் கொடுப்பவற்றின் மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் படிவம் 8283 வேண்டும். ஒரு பொருள் 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அதன் செலவு உங்களுடையது. அப்படிப்பட்ட கருவியை அமைப்பு மூன்று ஆண்டுக்குள் விற்றால் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரிவிக்க வேண்டும், உங்கள் வரி விலக்கும் குறையக்கூடும். வகுப்பில் பயன்படுத்துவார்களா விற்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

100,000 டாலர் நிலைவைப்பு

எண்டோமென்ட் என்னும் நிலைவைப்பு நிதி கோயில் கட்டளை மாதிரி: முதல் தொகையில் கை வைக்கமாட்டார்கள், அதன் வருவாயில்தான் காரியம் நடக்கும். வழக்கமாக ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் எடுப்பார்கள், அதுவும் கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில். 100,000 டாலர் கொடுத்தால் 4.5 சதவீதத்தில் 4,500 டாலர் வரும். மேலே சொன்ன கணக்கில் அது ஓர் ஆசிரியரின் 12 வாரச் சம்பளம். ஒரு வகுப்பையே நிரந்தரமாக்கிவிட்டதாக நினைத்துக் கொடுத்தவருக்கு அடுத்த ஆண்டு அறிக்கையைப் பார்த்ததும் ஏமாற்றம். அதே பணத்தை ஆண்டுக்கு 25,000 வீதம் நான்கு ஆண்டு கொடுத்திருந்தால் இரண்டு ஆசிரியர்கள் நான்கு முழு ஆண்டு வேலை செய்திருப்பார்கள்.

நிலைவைப்பு கூடாது என்பதல்ல. பெரிய தொகைக்கும் உயிலில் எழுதிவைப்பதற்கும் அது ஏற்றது. சந்தை விழுந்து நிதியின் மதிப்பு முதலுக்குக் கீழே போனால், புது நிதிகளிலிருந்து எடுப்பது குறையலாம், நிற்கவும் செய்யலாம். அந்த ஆண்டுக்கு வகுப்பு வேறு பணத்தில் ஓட வேண்டும். கையில் 20,000 இருந்து மனம் நிலைவைப்பில் இருந்தால், அதைப் பகுதி பகுதியாகச் செலவுக்கே கொடுப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

இசைக்குழுவின் பக்கம் நடப்பவை

தவறெல்லாம் கொடுப்பவருடையது அல்ல. மூன்று ஆண்டுக்கு 300,000 டாலர் தருவதாக ஒருவர் நிபந்தனையின்றி எழுதிக் கொடுத்தால், அமெரிக்கக் கணக்கு முறைப்படி ஏறக்குறைய முழுத் தொகையும் முதல் ஆண்டு வருமானத்திலேயே ஏறும். அறிக்கையில் உபரி மின்னும். அதைப் பார்த்து நிர்வாகக் குழு இரண்டு புதுப் பள்ளிகளைச் சேர்க்கும். அடுத்த இரண்டு ஆண்டும் செலவு இருக்கும், வருமானம் எதுவும் புதிதாக ஏறாது. ஏடு பற்றாக்குறை காட்டும், யாரோ ஒருவர் "இந்த வகுப்புதான் நஷ்டம்" என்பார். பணப் புழக்கத்தை ஆண்டுவாரியாகத் தனித் தாளில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

தொடக்கப் பணத்தை வைத்து மட்டும் தொடங்குவது இன்னொன்று. ஆர்க்-கிட்ஸுக்கு விதைப் பணம், பால்டிமோர் சிம்பொனியின் அப்போதைய இசை இயக்குநர் மரின் ஆல்சாப் தமக்குக் கிடைத்த மெக்கார்தர் உதவித்தொகையிலிருந்து கொடுத்த 100,000 டாலர். அது தொடர்ந்து வளர்ந்ததற்கு, பின்னால் வேறு பெரும் நன்கொடையாளர்கள் சேர்ந்ததும் ஒரு காரணம். புதுமைக்குக் கொடுக்க அறக்கட்டளைகள் வரிசையில் நிற்கும். நான்காம் ஆண்டுக்குக் கொடுக்க ஆள் தேட வேண்டும். தொடங்கும்போதே நான்காம் ஆண்டுப் பணம் யாரிடமிருந்து என்று எழுதாத திட்டத்துக்கு நிர்வாகக் குழு கையெழுத்துப் போடக் கூடாது.

"பிள்ளைகளுக்கு மட்டும், தாய் இசைக்குழுவுக்கு ஒரு காசு தரமாட்டேன்" என்பவர்களும் உண்டு. சம்பளப் பட்டியல், காப்பீடு, கருவிக் கிடங்கு, வாசிக்க வரும் கலைஞர்கள் எல்லாம் தாய்க்குழுவினுடையது. ஃபிலடெல்ஃபியா இசைக்குழு 2011 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டது; மினசோட்டா இசைக்குழுவில் 2012 அக்டோபர் முதல் 2014 ஜனவரி வரை கதவடைப்பு. தாய்க்குழு அப்படி ஆடும்போது சிறுவர் வகுப்பு மட்டும் ஆடாமல் நிற்காது.

எண்ணிக்கை மயக்கம்

"5,000 மாணவர்களைச் சென்றடைந்தோம்" என்ற வரி பெரும்பாலும் பள்ளிக் கச்சேரிகளைக் குறிக்கும். வாரம் 6 மணி நேரம் வாசிக்கும் 60 பிள்ளைகளையும் 45 நிமிடம் கேட்டுவிட்டுப் போன 5,000 பேரையும் ஒரே கட்டத்தில் கூட்டக் கூடாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: போன ஆண்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

பள்ளிக் கச்சேரியும் முக்கியமானதே. கார்னகி ஹாலின் லிங்க் அப் திட்டத்தில் 3 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ரெக்கார்டர் என்ற குழல் வாசிக்கக் கற்று, இருக்கையிலிருந்தே இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். பாடப் பொருட்களைப் பங்காளி இசைக்குழுக்களுக்கு அது இலவசமாகத் தருகிறது. கலைஞர் சம்பளம் உள்ளூர்க் குழுவின் பொறுப்பு. பல ஒப்பந்தங்களில் ஒரு வேலைநேரம் என்பது இரண்டரை மணி. அதற்குள் இரண்டு பள்ளிக் கச்சேரிகளை அடுத்தடுத்து வைத்தால் அதே சம்பளத்தில் இரு மடங்கு பிள்ளைகள் கேட்கலாம். ஏழைப் பள்ளிகளைத் தடுப்பது டிக்கெட் விலையைவிடப் பேருந்து வாடகைதான். சிறிய நன்கொடைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

விருந்து, ரசீது, காலம்

விருந்து டிக்கெட் 500 டாலர், சாப்பாட்டின் மதிப்பு 180 என்றால் வரி விலக்கு 320-க்கு மட்டுமே. 75 டாலருக்கு மேல் வாங்கிப் பதிலுக்கு ஏதேனும் கொடுக்கும் அமைப்பு, கொடுத்ததன் மதிப்பை எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால், பதிலுக்கு எதுவும் பெற்றீர்களா என்று சொல்லும் கடிதம் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்குத் தாள் மட்டும் செல்லாது. டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் (நன்கொடைக்கென்றே முன்கூட்டிப் போட்டுவைக்கும் கணக்கு) பணத்தில் விருந்து டிக்கெட் வாங்காதீர்கள், விலக்குள்ள பகுதிக்குக்கூட. எழுபதரை வயது தாண்டியவர்கள் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேராக அமைப்புக்கு அனுப்பலாம். பணம் தங்கள் கைக்கு வந்து போனால் அந்தச் சலுகை போயிற்று.

அந்த விருந்தில் பிள்ளைகளை வாசிக்க வைத்து, அவர்களில் ஒருத்தியின் வீட்டு வறுமையை மைக்கில் சொல்லி நிதி கேட்பது பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இருந்தாலும் இது வேண்டாம். வகுப்பைப் பார்க்க விரும்பும் நன்கொடையாளர் ஒரு சாதாரண நாளில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பல குழுக்களின் நிதியாண்டு ஜூலையிலோ செப்டம்பரிலோ தொடங்கும். ஆசிரியர் ஒப்பந்தங்கள் கோடையிலேயே முடிந்துவிடும். டிசம்பர் 31 அன்று வரும் பணம் பொதுச் செலவுக்கு உதவும், ஆனால் அந்தப் பள்ளியாண்டில் புது வகுப்பு தொடங்க உதவாது. அதற்கென்றால் மார்ச், ஏப்ரலிலேயே பேசுங்கள். நீங்கள் கொடுப்பதோடு சேர்த்து உங்கள் அலுவலகமும் இணைத்தொகை தருமானால் அதற்கான விண்ணப்பத்தை அன்றே போடுங்கள். கெடு தாண்டிப் போன இணைத்தொகைகள் ஏராளம். கொடுப்பதை நிறுத்தப் போகிறீர்கள் என்றாலும், அடுத்த ஆண்டு பட்ஜெட் ஒப்புதலாவதற்கு முன்பே, வசந்த காலத்திலேயே கல்விப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆசிரியர்களை அமர்த்திய பிறகு தெரிய வந்தால் குறைப்பதற்குக் கல்விப் பிரிவிடம் வகுப்புகள் மட்டும்தான் இருக்கும்.