பழைய காரின் முன் சஸ்பென்ஷன் சத்தம்: மூலத்தைக் கண்டறியும் முறை

பழைய காரின் முன்பக்கத்திலிருந்து சத்தம் எழுந்தால், பெரும்பாலானோர் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் புஷ்களையும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்), பிறகு பால் ஜாயிண்டுகளையும் (சக்கரப் பகுதியை ஆர்மோடு சேர்க்கும் குண்டு மூட்டுகள்) மாற்றுகிறார்கள். இவ்வளவு செலவுக்குப் பின்னும் சத்தம் அப்படியே இருப்பது அரிதல்ல. தேய்ந்த ஓர் இணைப்பு ஒரே பக்கமாக அழுந்தியிருக்கும் வரை ஒலி எழுப்பாது. அதன் மீதுள்ள பாரம் திசை மாறும் கணத்தில்தான், உள்ளே உள்ள இடைவெளியைத் தாண்டி மறுபக்கம் போய் மோதும். ஆகவே, 'டக்' என்கிறதா 'கடகட' என்கிறதா என்று ஆராய்வதைவிட, எந்தப் பாரம் மாறும்போது அது எழுகிறது என்று ஆராய்வதே பயன் தரும்.

சோதனை ஓட்டத்துக்கு முன் காரில் தளர்ந்து கிடக்கும் பொருள்களை எல்லாம் இறக்கிவிட்டு, வீல் நட்டுகள், பானெட் பூட்டு, பேட்டரிப் பிடிமானம், புகைக்குழாய்த் தொங்கல்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். சஸ்பென்ஷன் மீது சுமத்தப்படும் பழிகளில் கணிசமானவை இவற்றோடு தீர்ந்துவிடும்.

ஆளில்லாத சாலையில் மெதுவாகச் சென்று பிரேக்கை அழுத்துங்கள். பிறகு பின்னோக்கி நகர்ந்து மீண்டும் அழுத்துங்கள். இரண்டு முறையும் ஒவ்வொரு 'டக்' வந்தால், கீழ் ஆர்மின் (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கை) புஷ்ஷையோ, ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பியின் புஷ்ஷையோ சந்தேகிக்கலாம். கரடுமுரடான பாதையில் எழும் கடகடப்பு, பிரேக்கை லேசாகத் தொட்டவுடன் நின்றுவிட்டால் அது பிரேக் பேடோ அதைப் பிடித்திருக்கும் காலிப்பரோதான். அடுத்து, ஒரு வேகத்தடையின் மீது இரண்டு முன் சக்கரங்களையும் ஒருசேர ஏற்றிப் பார்த்து, பின்னர் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். இரு சக்கரங்களும் ஒன்றாக உயரும்போது ஆன்டி ரோல் பார் (கார் சாய்வதைக் குறைக்க இரு பக்கங்களையும் இணைக்கும் கம்பி) முறுக்கப்படுவதில்லை. அதனால் ஒற்றைச் சக்கரம் ஏறும்போது மட்டும் வரும் சத்தம் அதன் லிங்குகளையோ பிடிப்பு ரப்பர்களையோ சுட்டுகிறது. உறுதி செய்ய, இரு பக்க லிங்குகளையும் கழற்றிவிட்டு மிக மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வளைவுகளில் கார் வழக்கத்தைவிட அதிகம் சாயும் என்பதை மறக்கக் கூடாது. வேகத்தோடு கூடும் ரீங்காரம், இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் பலத்தால், பாரம் ஏறும் வலப்பக்க வீல் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரை நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்கும் நிலையிலேயே, உதவியாளர் ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் இணைப்புகளான டை ராடு எண்டுகள், ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் பாக்ஸின் போல்ட்டுகள் ஆகியவற்றின் மீது ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பாருங்கள். இங்கே காதைவிட விரல் நம்பகமானது. குறுக்குச் சட்டம் ஒலியைக் கடத்துவதால், இடப்பக்கத்துத் தட்டல் வலப்பக்கத்திலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

காரை உயர்த்துவதற்கு முன் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பால் ஜாயிண்டைச் சோதிப்பதில் பலரும் சறுக்குவது ஜாக்கி வைக்கும் இடத்தில்தான். காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் அமர்ந்திருந்தால், எடையைச் சுமப்பது கீழ் பால் ஜாயிண்ட். கீழ் ஆர்முக்கு அடியில், அந்த ஜாயிண்டுக்கு அருகே ஜாக்கி வைத்தால்தான் அதன் மீதுள்ள அழுத்தம் விலகி ஆட்டம் வெளிப்படும். 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கைப் போல ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது அமர்ந்திருந்தால், மேல் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கட்டையைச் செருகிவிட்டு, சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். தவறான இடத்தில் ஜாக்கி வைத்தால், தேய்ந்துபோன ஜாயிண்டும் புதியதுபோல இறுக்கமாகவே தோன்றும்.

இப்போது சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில். மறையாவிட்டால் கிங்பின்னிலோ (சில பழைய கார்களில் சக்கரம் திரும்பும் அச்சு) பால் ஜாயிண்டிலோ. 3, 9 நிலைகளில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளைப் பாருங்கள். டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களின் கீழ் டிரனியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டு) கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் எண்ணெய்தான் உரியது. டிரனியன் வறண்டு தேய்ந்தாலோ உடைந்தாலோ சக்கரமே மடங்கிவிடக்கூடும் என்பதால், இங்கே வரும் முனகலைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது சரியல்ல.

'கிரீச்' என்ற ஒலி வேறு வகை. காரின் முன்பகுதியைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டால் அது வந்துவிடும் என்பதால், நிறுத்திய இடத்திலேயே தேடலாம். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) உள்ள கார்களில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கிரீஸ் அடித்துவிட்டால், சத்தம் போனாலும் எது காரணம் என்பது தெரியாமலே போகும். ஒன்றுக்கு அடித்து, அழுத்திப் பார்த்து, பிறகே அடுத்ததுக்குச் செல்லுங்கள். ரப்பர் புஷ்களுக்கு சோப்பு கலந்த நீரை ஒவ்வொன்றாகத் தெளியுங்கள். எதை நனைத்ததும் ஒலி அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. நீர் காய்ந்ததும் ஒலி திரும்பும், இது சோதனையே தவிரச் சிகிச்சை அல்ல. என்ஜின் எண்ணெயையோ சாதாரண கிரீஸையோ ரப்பர் மீது தடவும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது; பெட்ரோலியப் பொருள்கள் இயற்கை ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். சிலிகோன் கிரீஸ் அதற்குத் தீங்கு செய்யாது.

இவை எதிலும் அகப்படாத சத்தத்துக்கு, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்திருக்கிறதா, சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் கழன்று போயிருக்கிறதா, லீவர் வகை ஷாக் அப்சார்பரின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்ம்கள் சட்டத்தோடு சேரும் இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் துருவையும் விரிசலையும் தேடுங்கள். பல பத்தாண்டுகள் ஓடிய காரில் புஷ் நன்றாக இருக்க, அதைத் தாங்கும் தகடே அசைவது உண்டு.

புதிய ரப்பர் புஷ் போடும்போது, சக்கரம் தொங்கும் நிலையில் நடு போல்ட்டை முழுதாக முறுக்கக் கூடாது. காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சஸ்பென்ஷன் மீது அமர்ந்த பிறகே கடைசி முறுக்கைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே வேலை செய்து விரைவில் கிழிந்து, அதே சத்தத்தை மீண்டும் கொண்டுவரும். பிறகு வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, சிறிது தூரம் ஓட்டியதும் கழற்றிய போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடியும் பார்த்துவிடுங்கள்.